காதில் பஞ்சு, நாக்கில் இரும்பு

போன வருடம் ஆடி மாதம் இடது காதில் ஒரு ஆபரேஷன் செய்துகொண்டேன். சின்ன வயதில் வாய்க்காலில் குதித்துக் குளித்த காலத்திலிருந்தே அவ்வப்போது சீழ் வடிந்துகொண்டிருந்த காது. செவிப்பறையில் ஓட்டை, அதை அடைக்கிற வேலை. மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். காதுக்குள் மருந்தில் நனைத்த துணித் திரி, அதற்கு வெளியே பஞ்சு, தலையைச் சுற்றி ஒரு கட்டு. பார்க்க வந்தவர்கள் எல்லாம் லாரியில் அடிபட்டவனைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

வலி பெரிதாக இல்லை. படுத்தியது வேறு ஒன்று. வீட்டுக்கு வந்து முதல் வாய் காபி குடித்தேன். நாக்கின் இடது பக்கம் மட்டும் பழைய சைக்கிள் செயினை நக்கியது போல இருந்தது. டபரா சரியாகக் கழுவவில்லையோ என்று வேறு டம்ளரில் வாங்கிக் குடித்தேன். அதே இரும்பு. இட்லி, ரசம், வெறும் தண்ணீர், எல்லாவற்றிலும் அதே இரும்பு. வலது பக்கத்தில் மட்டும் காபி காபியாகவே இருந்தது. ஒரே வாயில் இரண்டு கடைக் காபி.

ஒரு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்கப் போனபோது தயங்கித் தயங்கிச் சொன்னேன். காது டாக்டரிடம் நாக்கைப் பற்றிப் புகார் சொல்கிறோமே என்று கூச்சம். அவர் சிரித்தார். "இரும்பு மாதிரி இருக்கா? இடது பக்கம்தானே?" என்று கேட்டுவிட்டு, மருந்துச் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வட்டம் போட்டார். அது செவிப்பறை. வட்டத்துக்குப் பின்னால் மூன்று குட்டி எலும்புகள். அந்த எலும்புகளின் இடுக்கில் புகுந்து குறுக்கே போகிற ஒரு கோடு. "இது காதோட நரம்பு இல்லைங்க. நாக்குல இருந்து ருசியைத் தூக்கிட்டு மூளைக்குப் போற நரம்பு. போற வழியில உங்க காதுக்குள்ள பூந்து போகுது."

அதன் பெயர் கார்டா டிம்பனி. லத்தீனில் பறையின் தந்தி என்று பொருள். நாக்கின் முன்பக்கத்தில் மூன்றில் இரண்டு பங்கின் ருசியை, அந்தந்தப் பக்கத்துக்கு, இந்த நரம்புதான் சுமந்து செல்கிறது. செவிப்பறையைத் தூக்கி வேலை செய்யும்போது அது கொஞ்சம் இழுபட்டால்கூட நாக்கில் இரும்பு வாடை அடிக்கும். பெரும்பாலானவர்களுக்கு வாரங்களிலோ மாதங்களிலோ தானாகச் சரியாகிவிடும். எனக்கு முழுசாக விலகக் கார்த்திகை ஆயிற்று.

நாக்கு ஒரு பக்கம், காது ஒரு பக்கம், இரண்டுக்கும் என்ன சம்பந்தம் என்று நாற்பத்தாறு வயது வரை நினைத்திருந்தவனுக்கு அந்தச் சீட்டுப் படம் ஒரு அதிர்ச்சிதான். ஆனால் இது வெறும் வழித்தடச் சமாச்சாரம். நரம்பு அந்த வழியாகப் போகிறது, அவ்வளவே. காதுக்கும் ருசிக்கும் உள்ள நிஜமான உறவு அடுத்த வாரம் ஒரு அப்பளத்தில் தெரிந்தது.

அம்மா மோர்க்குழம்பு வைத்து அப்பளம் பொரித்திருந்தார். காதுக்குள் திரி இன்னும் இருந்தது. "கடிச்சு மெல்லாதப்பா, தாடை அசையப்போகுது" என்று அவர் சொல்லச் சொல்ல, ஒரு துண்டை ஒடித்து வாயில் போட்டேன். தலைக்குள் கூரை இடிந்து விழுந்தது போல ஒரு சத்தம். அதுவும் கேட்காத இடது காதில்தான் பெரிதாகக் கேட்டது. நான் திடுக்கிட்டு மெல்லுவதை நிறுத்தியதைப் பார்த்து அம்மா கல்லைக் கடித்துவிட்டேன் என்று நினைத்துத் தட்டை நீட்டினார், துப்பச் சொல்லி.

விஷயம் எளிமையானது. நாம் மெல்லும் சத்தம் நமக்கு இரண்டு வழியில் வருகிறது. வாயிலிருந்து காற்றில் சுற்றிக் காதுக்குள் வருவது ஒன்று. பல்லிலிருந்து தாடை எலும்பு, மண்டை எலும்பு வழியாக நேராக உள்காதுக்குப் போவது இன்னொன்று. காது அடைபட்டால் காற்று வழி மூடிக்கொள்ளும், எலும்பு வழிச் சத்தம் வெளியேற முடியாமல் உள்ளேயே முழங்கும். ஆபரேஷனுக்கு முன்னால் டாக்டர் ஒரு இசைக்கவையைத் தட்டி என் நடு நெற்றியில் வைத்து எந்தப் பக்கம் கேட்கிறது என்று கேட்டதும், பழுதான பக்கம்தான் பலமாகக் கேட்கிறது என்று நான் குழம்பிப்போய்ச் சொன்னதும் அப்போது நினைவுக்கு வந்தது. இதற்கு ஆபரேஷன் தேவையில்லை. இரண்டு விரலால் காதை அடைத்துக்கொண்டு ஒரு முறுக்கைக் கடித்துப் பாருங்கள், போதும்.

எனக்கு வியப்பாக இருந்தது சத்தம் கூடியது அல்ல, அப்பளமே மாறிப்போனதுதான். அடைபட்ட காதில் கீழ்ச்சுருதிதான் அதிகம் முழங்கும். வலது பக்கம் "மொறுக்" என்று உடைந்த அதே அப்பளம், இடது பக்கம் வைத்துக் கடித்தபோது "கடக்" என்றது. அப்படிக் கேட்டதும் அது அப்பளமாகவே இல்லை. தடிமனாக, கெட்டியாக, தட்டை போல இருந்தது. பல்லுக்குக் கீழே இருந்தது காகிதக் கனத்தில் ஒரு உளுந்து அப்பளம்தான் என்று மூளைக்குத் தெரியும். தெரிந்தும் அது தட்டையாகத்தான் இருந்தது.

நம் மொழியில் இந்தச் சத்தங்களுக்கு எத்தனை சொற்கள் என்று அன்று ராத்திரி எண்ணிக்கொண்டு படுத்திருந்தேன். மொறுமொறு, முறுமுறு, கரகர, பொரபொர, கடக்முடக். வெள்ளரிப்பிஞ்சு நறுக்கென்று இருக்கும், அப்பளம் நறுக்கென்று இருக்காது. அரிசியில் கல் கிடந்தால் நறநற. ஒவ்வொன்றும் ஒரு சத்தம். ஆனால் சாப்பிடும்போது இவற்றை நாம் சத்தமாகச் சொல்வதில்லை, ருசியாகத்தான் சொல்கிறோம். "தோசை மொறுமொறுன்னு இருக்கு" என்றால் தோசை நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். இவை எல்லாவற்றுக்கும் எதிர்ச்சொல்லாக நம்மிடம் இருப்பது ஒரே ஒரு அழகான சொல்: நமுத்துப்போச்சு.

நமுத்துப்போவது என்றால் என்ன? பொரித்த அப்பளத்தில் மாவுச்சத்து ஈரமே இல்லாமல் கண்ணாடி மாதிரி விறைத்துக்கிடக்கிறது. கடித்தால் நூற்றுக்கணக்கான குட்டி உடைப்புகள் அடுத்தடுத்து நடக்கும். ஒவ்வொன்றும் ஒரு துளிச் சத்தம். அவை சேர்ந்ததுதான் அந்த மொறுமொறு. காற்றின் ஈரம் கொஞ்சம் ஏறிவிட்டால் மாவு ரப்பராகிவிடும், உடையாது, வளையும். உப்பு, காரம், பெருங்காயம் எல்லாம் அப்படியேதான் இருக்கும். யாரும் அதைத் தொடமாட்டார்கள்.

இதைச் சோதனைச்சாலையில் வைத்துப் பார்த்தவர் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்து சார்ல்ஸ் ஸ்பென்ஸ். அவரும் மாசிமிலியானோ ஜாம்பினி என்பவரும் 2004-இல் வெளியிட்ட ஆய்வு. இருபது பேரை ஒவ்வொருவராக ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து, காதில் ஹெட்ஃபோன் மாட்டி, முன்னால் ஒரு மைக் வைத்தார்கள். ஆளுக்கு 180 சிப்ஸ். முன்பல்லால் ஒரு கடி, துப்பு, அடுத்தது. எடுத்துக்கொண்டது பிரிங்கிள்ஸ். ஒவ்வொரு வில்லையும் ஒரே அளவு, ஒரே வளைவு என்பதால். நம் ஊர் நேந்திரங்காய் சிப்ஸை வைத்து இந்தச் சோதனையைச் செய்திருக்கவே முடியாது. கடிக்கிற சத்தத்தை மைக் பிடித்து, அந்த நொடியிலேயே அவர்கள் காதுக்குத் திருப்பி அனுப்பியது. நடுவில் ஒரு தில்லுமுல்லு: சில தடவை சத்தத்தைக் கூட்டினார்கள், சில தடவை குறைத்தார்கள். சில தடவை உயர்ந்த சுருதியை மட்டும் ஏற்றினார்கள் அல்லது வெட்டினார்கள்.

சத்தம் கூடியபோதும் உயர்சுருதி ஏறியபோதும் சிப்ஸ் புதிதாக, மொறுமொறுப்பாக இருக்கிறது என்றார்கள். குறைத்தபோது பழசு, நமுத்துவிட்டது என்றார்கள். எல்லாம் ஒரே சரக்கு. 2008-இல் இந்த ஆய்வுக்கு இக் நோபல் கொடுத்தார்கள், முதலில் சிரிக்கவும் பிறகு யோசிக்கவும் வைக்கிற ஆய்வுகளுக்குத் தரும் பரிசு. இதற்கு முன்னோடி ஒன்று உண்டு. 1998-இல் ஃபின்லாந்தில் இரண்டு ஆய்வாளர்கள் ஆட்களின் உள்ளங்கைகளை உரசச் சொல்லி, அந்த உரசல் சத்தத்தின் உயர்சுருதியை ஏற்றிக் காதில் போட்டார்கள். கை காகிதம் மாதிரி உலர்ந்துவிட்டது என்றார்களாம் அவர்கள். ஆக, தோலே காதை நம்புகிறது. பல்லைக் குற்றம் சொல்லி என்ன பயன்?

சமையல் தெரிந்தவர்களிடம் இதைச் சொன்னால் பெரிதாக அசரமாட்டார்கள். அவர்கள் தினமும் காதால்தான் சமைக்கிறார்கள். கடுகு வெடித்து அடங்குவதற்குள் உளுந்தைப் போட வேண்டும், அதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தால் தீய்ந்துவிடும். முறுக்கு சுடும்போது என் அம்மா அடுப்புக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அடுத்த ஈட்டுக்கு அச்சில் மாவு அடைத்துக்கொண்டிருப்பார். எண்ணெயின் சலசலப்பு அடங்கியதும் திரும்பி ஜல்லிக்கரண்டியால் அரித்து எடுப்பார். ஒருமுறை சமையலறையில் ரேடியோ பாடிக்கொண்டிருந்ததை அணைக்கச் சொன்னார். "எண்ணெய் பேசுறது கேக்கலை" என்றார். அந்தச் சலசலப்பு மாவிலிருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குமிழி குமிழியாக வெளியேறும் சத்தம். அது அடங்கினால் உள்ளே தண்ணீர் தீர்ந்தது என்று கணக்கு. கடைசியில் கடிக்கும்போது வருகிற மொறுக் சத்தமும் அதே தண்ணீர் இல்லாததால் வருவதுதான். மணப்பாறை முறுக்கை இரண்டு தடவை பொரித்தெடுப்பதும் இதற்காகத்தான் இருக்க வேண்டும்.

தண்ணீர் என்றதும் இன்னொன்று. சுடுதண்ணீரை ஊற்றுகிற சத்தமும் பச்சைத் தண்ணீரை ஊற்றுகிற சத்தமும் வேறு வேறு. இதையும் ஆராய்ந்திருக்கிறார்கள், கண்ணை மூடிக்கொண்டு கேட்டாலே பெரும்பாலோர் சரியாகச் சொல்லிவிடுவார்கள். சூடேறினால் தண்ணீரின் பிசுக்கு குறைந்துவிடுவதும் ஒரு காரணம். நம்பாமல் வீட்டில் செய்து பார்த்தேன். பத்துத் தடவையில் என் மகள் ஒன்பது தடவை சரி. நான் ஏழு, ஒற்றைக் காதோடு. எப்படிக் கண்டுபிடிக்கிறாய் என்றால் மகளுக்குச் சொல்லத் தெரியவில்லை. "சுடுதண்ணி கொழகொழன்னு விழுதுப்பா" என்றாள். டீக்கடையில் ஆற்றுகிற சத்தத்தைக் கேட்டே வாய் சூட்டுக்குத் தயாராகிவிடுவது இப்படித்தான் போலிருக்கிறது.

இந்தத் துறையில் எல்லாவற்றையும் நான் விழுங்கத் தயாரில்லை. இங்கிலாந்தில் ஃபேட் டக் என்று ஒரு பெயர்பெற்ற உணவகம். அதன் சமையல்காரர் ஹெஸ்டன் ப்ளூமென்தால் 2007-இல் 'கடலின் ஓசை' என்று ஒரு பதார்த்தத்தைப் பட்டியலில் சேர்த்தார். மீனும் கிளிஞ்சலும் சாப்பிடத் தக்க மணலும் தட்டில் வரும், கூடவே ஒரு சங்கு. சங்குக்குள் ஐபாட். இயர்ஃபோனை மாட்டிக்கொண்டு அலைச் சத்தத்தையும் கடற்பறவைகளையும் கேட்டபடி சாப்பிட வேண்டும். அருமையான யோசனைதான். ஆனால் மெரினாவில் மணல் ஒட்டின கையோடு தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல் தின்ற எந்தத் தமிழனையும் அதற்காக அவ்வளவு பணம் கொடுக்க வைக்க முடியாது. நமக்கு அலை இலவசம்.

இசையைக் கேட்டுக்கொண்டே ஒயின் வாங்குவது பற்றி 1990-களில் அட்ரியன் நார்த் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் செய்த சோதனையை எல்லோரும் எடுத்துக் காட்டுவார்கள். ஒரு சூப்பர்மார்க்கெட்டில் ஒருநாள் பிரெஞ்சு இசை, மறுநாள் ஜெர்மன் இசை என்று மாற்றி மாற்றிப் போட்டார்கள். பிரெஞ்சு இசை ஓடியபோது 40 பாட்டில் பிரெஞ்சு ஒயினும் 8 பாட்டில் ஜெர்மன் ஒயினும் போயின. ஜெர்மன் இசை ஓடியபோது 12-க்கு 22. பாட்டு தங்களைத் திருப்பியதை வாங்கியவர்களில் அநேகர் ஒப்புக்கொள்ளவில்லை. சுவையான கதை. ஆனால் மொத்தமே 82 பாட்டில், அதுவும் வாங்கிய கணக்கு. குடித்த கணக்கு இல்லை. கை எதை எடுத்தது என்பது வேறு, நாக்குக்கு எப்படி இருந்தது என்பது வேறு. தடித்த பித்தளை வாத்திய ஒலி கேட்டால் மிட்டாய் கசப்பாகவும், உச்சஸ்தாயிப் பியானோ கேட்டால் இனிப்பாகவும் தெரிகிறது என்று ஆக்ஸ்ஃபோர்டிலேயே 2012-இல் ஒரு ஆய்வு வந்தது. வித்தியாசம் உண்டு, ஆனால் கொஞ்சம்தான். ஒரு சிட்டிகை சர்க்கரையின் வேலையைச் செய்ய ஒரு வாத்திய கோஷ்டி வேண்டுமா என்று எனக்குத் தோன்றுகிறது.

கொத்து பரோட்டா சமாச்சாரமும் இந்தக் கணக்கில்தான் வரும். தெருமுனையிலேயே அந்த இரண்டு தகடும் கல்லில் விழும் தாளம் கேட்டுவிடும், கால் தானாகத் திரும்பும். யாழ்ப்பாணத்து நண்பர் ஒருவர், எங்கள் ஊர்க் கொத்து ரொட்டிக் கடைக்குப் பெயர்ப் பலகையே வேண்டாம் என்பார். ஆனால் காதில் பஞ்சோடு போய்ச் சாப்பிட்டபோது கொத்து பரோட்டாவின் ருசி அப்படியேதான் இருந்தது (இடது பக்கத்து இரும்பைக் கழித்துவிட்டு). குறைந்தது பசி. மாஸ்டரின் தாளம் வயிற்றைக் கிளப்புகிறது, நாக்கை மாற்றுவதில்லை. வாய்க்கு வெளியே எழும் சத்தம் பெரும்பாலும் ஆசையோடு நின்றுவிடுகிறது என்பது என் கட்சி. வாய்க்குள் எழும் சத்தம்தான் ருசியில் சேர்கிறது.

என் கட்சிக்கு இடிக்கிற ஒரே இடம் விமானம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்குத் தங்கை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தப் பொங்கலைத் திட்டிக்கொண்டே சாப்பிட்டிருக்கிறேன். உப்புமில்லை, உறைப்புமில்லை. சமைத்தவர் மேல் முழுத் தப்பும் இல்லை என்று பிறகுதான் படித்தேன். மேலே காற்று வறண்டிருக்கும், அழுத்தமும் குறைவு, அதனால் மூக்கு பாதி வேலைதான் செய்யும். அதோடு இரைச்சல். 2011-இல் ஆண்டி வுட்ஸும் சகாக்களும் ஹெட்ஃபோனில் பலத்த இரைச்சலைப் போட்டுச் சாப்பிட வைத்துப் பார்த்தார்கள். உப்பும் இனிப்பும் குறைவாகத் தெரிந்தன. 2015-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கிம்பர்லி யானும் ராபின் டாண்டோவும் 85 டெசிபல் விமான இரைச்சலைப் போட்டு ஐந்து சுவைகளையும் சோதித்தார்கள். இனிப்பு மங்கியது, உமாமி தூக்கலாகத் தெரிந்தது. தக்காளியிலும் காளானிலும் இருக்கிறதே, அந்தச் சாறேறிய ருசி. தரையில் தக்காளி ஜூஸைத் தொடாதவர்கள் ஆகாயத்தில் அதைக் கேட்டு வாங்கிக் குடிப்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். அந்தப் பொங்கலுக்குக் கொடுத்த சாம்பார் மட்டும் சுமாராக இருந்ததும் இதனால்தானா தெரியவில்லை. எந்த நரம்பு இதற்குக் காரணமாக இருக்கலாம் என்று அவர்கள் ஊகித்தது என் டாக்டர் சீட்டில் கோடு போட்டாரே, அதே கார்டா டிம்பனி. செவிப்பறைக்குப் பக்கத்தில் போகிற தந்தி, பறை அதிர்ந்தால் அதுவும் சும்மா இருக்காதோ என்று. ஊகம்தான். இருந்தாலும் படித்தபோது பழைய சிநேகிதனைப் பார்த்தது மாதிரி இருந்தது.

ஆனால் நான் திரும்பத் திரும்பப் படித்தது அந்த சிப்ஸ் ஆய்வைத்தான். உயர்சுருதியை வெட்டினால் புதுசும் பழசாகத் தெரியும் என்ற ஒரு வரியை.

அப்பா போய் ஆறு வருடம் ஆகிறது. கடைசிக் காலத்தில் அவருக்கும் அம்மாவுக்கும் தினமும் மத்தியானம் ஒரு சண்டை நடக்கும். அப்பளத்தை ஒரு கடி கடித்துவிட்டு இலையோரம் ஒதுக்குவார். "நமுத்துப் போச்சு."

"இப்பத்தாங்க பொரிச்சு எடுத்தேன். சட்டியில இருந்து இலைக்கு வர்றதுக்குள்ள எப்படிங்க நமுக்கும்?"

"எனக்குத் தெரியாதா? அந்தக் காலத்து அப்பளம் மாதிரியா இருக்கு இது? மாவுல ஏதோ கலக்குறான்."

அம்மா எண்ணெயை மாற்றினார். அப்பளத்தை வெயிலில் காயவைத்துப் பொரித்தார். பெரிய கடை அப்பளம், வீட்டில் இட்டு விற்கிறவர்களிடம் வாங்கின அப்பளம், கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஆள் மூலம் வரவழைத்த அப்பளம், எதுவும் தேறவில்லை. முறுக்கும் சேவும்கூட அப்படித்தான். தயிர்சாதத்தைப் பற்றி மட்டும் அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. அதே வருடங்களில்தான் டி.வி. சத்தம் ஏறிக்கொண்டே போனது. வாசல் மணி அடித்தால் கேட்காது. பேத்தி சொல்வது புரியாது, நான் சொன்னால் புரியும். வயதானால் காதில் முதலில் போவது உயர்சுருதி. குழந்தைக் குரலும் மணிச் சத்தமும் இருக்கிற இடம். அப்பளம் உடைகிற இடமும் அதுதான்.

இது ஆராய்ச்சி முடிவு இல்லை, என் அனுமானம். மறுபடி டாக்டரிடம் போனபோது கேட்டேன். இருக்கலாம் என்றார், அதற்கு மேல் சொல்லவில்லை.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது அம்மாவிடம் இதையெல்லாம் விளக்கமாகச் சொன்னேன். சிப்ஸ், ஹெட்ஃபோன், உயர்சுருதி எல்லாம். காய் நறுக்கிக்கொண்டே கேட்டார். முழுக்கக் கேட்டு முடித்து, அரிவாள்மணையை மடக்கி வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அப்ப அந்தக் கடைக்காரர்கிட்ட நமுத்த அப்பளத்தைத் தலையில கட்டிட்டீங்கன்னு சண்டை போட்டுட்டு வந்தேனே," என்றார். "அவர் என்ன நினைச்சிருப்பாரு?"